பன்னிரண்டு பொட்டு

டீ வேண்டாம் சார். வரும்போதே பஸ் ஸ்டாண்டில் குடித்தேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீங்கள் நிதானமாக எழுதுங்கள். பெயர் கொளஞ்சி, வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் குரும்பலூர். பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். நேற்று நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வந்தேன். இன்று நானாக வந்திருக்கிறேன். மோதிய வண்டியைச் சோதித்துப் பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிய ரிப்போர்ட்டில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்தவேண்டும்.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன். ஆண்டிமடம் முந்திரி வியாபாரி குழந்தைவேல் அதை இரண்டாயிரத்து இரண்டில் சென்னையில் பிடித்தார். அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர். நேர் ரோட்டில் புலி. வளைவு வந்தால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. என்னிடம் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் வியாபாரிக்குரிய தெம்பே இல்லை.

"வளைவுல ஸ்டேரிங்க ஒடிச்சா ஒரு பக்கமாவே சாயுது கொளஞ்சி. வூட்டுல ஏறவே மாட்டேங்குறா. நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

என் அப்பா அவருடைய அப்பாவின் முந்திரிக் காட்டில் கூலிக்கு இருந்தவர். அதனால் என்னை ஒருமையில் அழைப்பார், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையைத்தான் எடுத்துக்கொண்டேன். நான்கு மாதம். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைத் திருச்சிக்குத் தூக்கிப்போய்ச் சூடேற்றி வளைத்து, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடச் சேர்த்தேன். முன்பக்க ஸ்பிரிங்கைக் குறைத்து வண்டியைத் தரையோடு தாழ்த்தினேன். ஷாக் அப்சார்பர் அந்த வண்டிக்கு இந்தியாவிலேயே கிடையாது. வேறு வண்டியுடையதை வாங்கி, பிடிமானத்தை நானே வெட்டிச் செய்தேன். வண்டி சாயாமல் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பியை ஏழு முறை வளைத்து ஏழு முறையும் தூக்கிப் போட்டேன். எட்டாவது கம்பிதான் உட்கார்ந்தது.

இப்போது பொட்டு. இது முக்கியம், விட்டுவிடாமல் எழுதுங்கள். ஒரு நட்டை முழுதாக முடுக்கியதும் அதன் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பேன். பாதி நட்டில், பாதி போல்ட்டில். நட்டு இம்மி நகர்ந்தாலும் பொட்டு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு இருந்தால் கொளஞ்சி முடுக்கியது என்று அர்த்தம். அடியில் முன் சக்கரங்களை வண்டியோடு பிடித்திருக்கும் நட்டுகள் பன்னிரண்டு, பொட்டும் பன்னிரண்டு. குழந்தைவேலின் டிரைவர் அமாவாசைக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். தினமும் குனிந்து எண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான்.

ஓட்டிப் பார்த்த அன்று அவன் பக்கத்து சீட்டில் முக்கால் சொம்பு தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டான். அரியலூர் ரோட்டில் ஒரு வளைவை அறுபதில் எடுத்தேன். இறங்கியதும் வேட்டியை உதறிக் காட்டினான்.

"நனையலண்ணே. பாத்துக்கங்க, ஒரு சொட்டு இல்ல."

அதற்குப் பிறகு அவன் போகாத டீக்கடை இல்லை, சொல்லாத ஆள் இல்லை. கொளஞ்சிண்ணன் வேலை, கொளஞ்சிண்ணன் வேலை என்று என்னைக் கூச்சப்பட வைத்துவிட்டான்.

அடுத்த மாதம் குழந்தைவேல் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. என்னையும் கூப்பிட்டிருந்தார். திருச்சியிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் வண்டியைச் சுற்றி நின்று, இவ்வளவு அழகாக யார் செய்தது என்று கேட்டார்கள். நான் இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போய்க்கொண்டிருந்தேன். குழந்தைவேல் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோயமுத்தூர்ல குடுத்து செஞ்சதுங்க."

பிறகு என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கைபோட்டார். "தப்பா நெனைக்காத கொளஞ்சி. பெரம்பலூர்ல நம்மாளு ஒருத்தன் செஞ்சான்னா வண்டிக்கு மதிப்பு இருக்காதுல்ல."

"சரிங்க" என்றேன். கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை, பெரம்பலூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாயசம் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் யோசித்தேன். கொளஞ்சி செய்யவில்லை என்கிறார். சரி, கொளஞ்சி செய்யாத வண்டி எப்படி ஓடும் என்று அவருக்கு ஒரு முறை தெரியவேண்டாமா? நியாயமாகத்தான் யோசித்தேன். என் வேலையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் எடுத்தால் வண்டி பாழாகிவிடும், அதற்கு எனக்கு மனமில்லை. ஒரே ஒரு நட்டு.

வியாழக்கிழமை காலை அமாவாசை வண்டியைக் கிரீஸ் அடிக்கக் கொண்டுவந்தான். அவன் இட்லி சாப்பிடப் போன நேரத்தில் வலது முன் சக்கரத்தின் மொத்த பாரத்தையும் பிடித்திருக்கும் ஒரு நட்டைத் தளர்த்தினேன். மண்ணெண்ணெய்த் துணியால் அதன் பொட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். தளர்ந்த நட்டில் என் பொட்டு இருந்தால் அது பொய் அல்லவா? எனக்குப் பொய் ஆகாது. யாராவது குனிந்து பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த வாய்ப்பையும் கொடுத்தேன்.

அமாவாசைக்கு ஆபத்து வராது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் ஐம்பதைத் தாண்டமாட்டான், அந்த வேகத்துக்கு நட்டு தாங்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் தானே எடுப்பார், நூறில் ஓட்டுவார், தாங்காது. அவ்வளவுதான் என் திட்டம்.

வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கும் விருந்தாளியைக் கூட்டிவர அமாவாசையை அனுப்பினார். நேரம் தவறிவிட்டது, அதனால் மிதித்திருக்கிறான். உடையார்பாளையம் தாண்டி வளைவில் சக்கரம் மடங்கிப் புளியமரத்தில் மோதியது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று மாலை அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தேன். நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"காலைல எண்ணுனேண்ணே. பதினொன்னுதான் இருந்துச்சு. ஒன்னு அழிஞ்சி போச்சுன்னு மாரியம்மன் கோயில் குங்குமத்த எண்ணெயில கொழச்சி நானே வச்சுட்டேன். ஒங்க வேலதானன்னு வளைவுல தைரியமா ஒடிச்சேன். எங்கண்ணே தப்பு பண்ணுனேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல, தூங்கு" என்றேன். விடிவதற்குள் போய்விட்டான். அழுதேன் சார், மறைக்கவில்லை. ஆனால் அடுத்தவன் பொட்டை அவன் வைத்திருக்கக்கூடாது.

நேற்று ரிப்போர்ட்டை நீங்களே படித்துக் காட்டினீர்கள். முதலில் குழந்தைவேலின் வாக்குமூலம்: 'பெரம்பலூர் கொளஞ்சி செய்த வேலை, வேறு யாரும் கை வைக்கவில்லை.' பொய் சொல்வானேன், அந்த வரியைக் கேட்டு ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது. திரும்ப ஒரு முறை படிக்கச் சொன்னது அதற்காகத்தான். அடுத்த வரியில் பிரேக் இன்ஸ்பெக்டர் கெடுத்துவிட்டார். 'பன்னிரண்டு நட்டுகளிலும் மெக்கானிக்கின் அடையாளம் உள்ளது. ஒன்று முடுக்காமலே அடையாளமிடப்பட்டுள்ளது. கவனக்குறைவு.' எண்ணெய் பட்டால் அவருக்கு எல்லாச் சிவப்பும் ஒன்று. கவனக்குறைவு கேஸ்தான், ஜாமீன் கிடைத்துவிடும் என்று நீங்கள் ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

முடுக்காத நட்டில் பொட்டு வைத்தவன் என்று நாளைக்கு ஊர் பேசும். அது நடக்கக்கூடாது. ஆகவே இப்படி எழுதுங்கள்: பன்னிரண்டையும் முடுக்கினேன், பன்னிரண்டிலும் பொட்டு வைத்தேன். ஒன்றை வேண்டுமென்றே தளர்த்தினேன், ஆள் சாகவேண்டும் என்றே தளர்த்தினேன். கொலை என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கைத்தவறு என்று மட்டும் போடாதீர்கள்.

இன்னொன்று. அமாவாசையின் மனைவி இருசம்மாள் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னிலையிலும் என்னைத் தேற்றினாள். "ஒங்க வேலையில கொற இருக்காதுண்ணே, அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள். அவளிடம் யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள் சார், அவள் புருஷன் நம்பியது சரிதான் என்று. இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையால் ஒரு உயிர் போனதில்லை.