எழுபத்திநாலாம் நம்பர் பூ

…தப்பு முழுக்க அந்த பிரஸ்காரன் மேலதான் சார். சந்தேகமே வேணாம். இந்தப் பெட்டி உங்க கால்ல இடிக்குதா? கொஞ்சம் தள்ளிக்கறேன். முந்நூறு கார்டு, பிரஸ்ஸுக்கே திருப்பி எடுத்துட்டுப் போறேன், கனமாத்தான் இருக்கும். நாளைக்கு என் மாமனாருக்கு முதல் வருஷ நினைவு நாள். ஒண்ணு எடுத்துப் பாருங்க, பரவாயில்ல. போட்டோ தெளிவா இருக்கா? 'ஆறாத் துயரில் வாடும் குடும்பத்தார்'… அது நான் எழுதினது. சரி, இப்போ மூலையைப் பாருங்க. நாலு மூலையும் பாருங்க… ஆமா சார். சிரிக்குது. மூலைக்கு ஆறு, மொத்தம் இருபத்திநாலு சிரிப்பு.

அங்க பூ இருக்கணும். நானே வரைஞ்ச பூ. கார்டு, போர்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணிக் குடுக்கறதுதான் என் தொழில். ஒண்ணு கேட்டுக்கோங்க, கம்ப்யூட்டருக்குப் பூவும் தெரியாது, காயும் தெரியாது. நம்பர்தான் தெரியும். எழுபத்திநாலுன்னு வந்தா, என்ன படம் போடணும்னு ஃபாண்ட்டைக் கேக்கும், அதாவது எந்த நம்பருக்கு எந்த உருவம்னு வெச்சிருக்கற ஃபைலை. என் ஃபாண்ட்ல எழுபத்திநாலு பூ. அவன்கிட்ட என் ஃபாண்ட் இல்ல. வேற எதையோ கேட்டிருக்கு, அதுல எழுபத்திநாலு சிரிச்ச மூஞ்சி. இவ்வளவுதான் விஷயம்…

என்னது? எல்லாருக்கும் பொதுவா ஒரு பூ இல்லையாவா? ஏன் சார் இல்லாம. உலகமே கூடி உக்காந்து ஒவ்வொரு குறிக்கும் ஒரு நம்பர் ஒதுக்கி வெச்சிருக்கு. பூவுக்கும் உண்டு. அதைப் போட்டிருந்தா எங்க திறந்தாலும் பூவாத்தான் வந்திருக்கும். பாத்தேன். டேபிள் ஃபேன் மாதிரி இருந்துச்சு. மாமனாருக்கு டேபிள் ஃபேனா வைக்க முடியும்?

அந்த வீட்டுல என்னை மனுஷனா மதிச்சவர் அவர் ஒருத்தர்தான். மச்சான் என் தொழிலை 'டைப்பிங்'கும்பான். மாமியார் என்கிட்ட நேரா பேசவே மாட்டாங்க, எது சொன்னாலும் என் வீட்டுக்காரி வழியாத்தான். இவர் மட்டும் 'எங்க மாப்பிள்ளை கை வெச்சா அது தனி அழகு'ன்னு பத்து பேர் முன்னாடி சொல்லுவார். அதான் சார், மூணு நாள் உக்காந்து அந்தப் பூவை வரைஞ்சேன். அவர் இல்லாதது எனக்கு இன்னும் பழகல.

கார்டு பிரஸ்லேருந்து நேரா அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. மாமியார் பிரிச்சுப் பாத்தாங்க. முதல் தடவையா என்கிட்ட நேரா பேசினாங்க… அதை விடுங்க.

'அந்த பிரஸ்காரனை நான் போய் நாலு கேள்வி கேக்கறேன்'னு என் வீட்டுக்காரி முன்னாடியே கிளம்பிட்டா. வேணாம்னு தடுத்தேன். 'உங்களை ஒருத்தரும் குத்தம் சொல்லக் கூடாது'ன்னுட்டா. கல்யாணமாகி பத்து வருஷத்துல, எனக்காக அவ அம்மாவையே எதிர்த்துப் பேசினது நேத்துதான்.

அதான் சார் சங்கடமே. கார்டு அச்சடிக்கறதுக்கு முன்னாடி அந்த பிரஸ்காரன் படத்தோட எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். 'அண்ணே, மூலையில சிரிக்கற முகம் வருது, சரிதானா? ஃபாண்ட் அனுப்ப மறந்துட்டீங்களா?'ன்னு. நான் படத்தைத் திறக்கவே இல்ல. எனக்கே பாடம் நடத்தறானேன்னு எரிச்சல். 'அனுப்பினதை அப்படியே அடி'ன்னு பதில் போட்டுட்டேன்.

அடுத்தது நான் இறங்கற ஸ்டாப். பிரஸ் ரோட்டு மேலயேதான் இருக்கு… அதோ, ஊதா குடை, அவதான். கத்தற மாதிரி தெரியலையே. அவன் போனை நீட்டறான்… இவ வாங்கிப் படிக்கறா.

கண்டக்டர், இந்த பஸ் கடைசியா எதுவரைக்கும் போகும்?… சரி, அங்க ஒரு டிக்கெட் குடுங்க.