கிருமி நெருங்காத வட்டம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே பட்டுக்கடை வைத்து நிமிர்ந்தவன் நான். என்னை வாய் பிளக்க வைப்பது சுலபமில்லை. ஏனாத்தூரிலிருந்து வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“கிருமிய நல்லா வளர்த்துக்கினுதான்டி இருக்கேன்,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“வளர்த்து என்னடி? போன தடவ சாயம் காய்ச்சுற அண்டாவுல போய் குப்பைமேனிய கொதிக்க வச்ச. கிருமிய கொன்னது இலையா, உங்கப்பா சாயமான்னு சார் கேட்டாரு. ப்ராஜெக்டே போச்சுன்னு அழுத.”

“அதான் மறுபடி செஞ்சேன். அண்டாவுல வெறும் தண்ணிய கொதிக்க வச்சு, கிருமி வளர்க்குற ஒரு தட்டுல விட்டேன். புதுப் பானையில இலைய கொதிக்க வச்சு இன்னொரு தட்டுல விட்டேன்.”

“ரிசல்ட்?”

அவள் கைப்பேசியை நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் தட்டு முழுக்கக் கிருமி பாலாடை போலப் படர்ந்திருந்தது. இரண்டாவதில், இலைச்சாறு விட்ட இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

தோழி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஏய், அது நம்ம சாக்கடையோரம் மொளைக்கிற செடிடி. தெனமும் மிதிச்சிக்கினு போறோம்.”

பிள்ளையார்பாளையத்தில் இறங்கி நடந்தபோது, குப்பைமேனி தெரிந்த இடத்திலெல்லாம் நான் மிதிக்காமல் ஒதுங்கி நடந்தேன்.