கதவைச் சாத்தவிடாத கூட்ட எழுத்தர் அம்மையாருக்கு

நகர மன்றத்தின் கூட்ட எழுத்தராய் நெடுங்காலம் நின்று, நெஞ்சில் நேர்மையும் நாவில் நறுக்கென்ற சொல்லும் நாளும் பொழுதும் தாங்கி, நாளை முதல் ஓய்வுபெறும் எங்கள் அன்பிற்கினிய அக்கா அவர்களே! ஆணைக்கு அடங்கியும் அநீதிக்கு அடங்காத அம்மையே! மன்ற உறுப்பினர்கள் எரிச்சலில் வைத்து, ஊரார் உரிமையோடு எடுத்துக்கொண்ட பெயரால் அழைப்பதென்றால், கதவுக்காரம்மா அவர்களே! வணக்கம்.

இந்த விழா மன்றக் கூடத்தில் நடந்திருக்க வேண்டும். வெள்ளையடிக்கிறோம் என்று கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். சுண்ணாம்பு வாளி ஒன்றையும் நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே தையற்கடையின் பின்னறையில், வெட்டுத்துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். உங்களுக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது. அதற்கும் ஒரு கால் ஆடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்க ஒரு பகுதி உண்டு, அதற்குத் தெருப்பக்கம் தனிக் கதவும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரியாதிருப்பதே சிலருக்கு வசதி. உடைந்த மேசைகளை அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்து அடுக்கியிருந்தார்கள். நீங்கள் வந்த பிறகே அவை நகர்ந்தன. கூட்ட நாளில் நீங்களே கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நின்று, காய்கறி வாங்கப் போகிறவர்களைக் கூப்பிடுவீர்கள். “உங்க தண்ணியப் பத்தித்தான் பேசப் போறாங்க. நீங்க இல்லாம பேசுனா எப்படி? வந்து உட்காருங்க.” வந்தவர்களிடம் எந்தத் தெரு, என்ன குறை என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தலைவரின் காதில் போட்ட பிறகே கூட்டம் தொடங்கும். விதியில் அது என்றைக்கும் இருந்தது. நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள்தாம் ஒருவரையொருவர் அறிந்து, பிறகு தெரு மன்றமாகச் சேர்ந்தார்கள். எரியாத விளக்குக்கும் மூடாத சாக்கடைக்கும் மன்றம் பதில் சொல்லப் பழகியது அதன் பின்னர்தான்.

குறையே இல்லாதவர் என்று உங்களைப் புகழ்ந்தால் நீங்களே எழுந்து திருத்துவீர்கள். தேநீர் குடிக்கும்போதும் விதி பேசுவீர்கள். விடுப்புக் கேட்டால் காரணம் கேட்பீர்கள்; சொன்ன காரணத்தில் பிழையும் பார்ப்பீர்கள். உங்களுக்குப் பயந்தே எங்களில் பலருக்குக் காய்ச்சல் வந்ததில்லை.

சென்ற மழையில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தது. கிழக்குத் தெருவில் தொடங்கிய வயிற்றுப்போக்கு ஊரெல்லாம் பரவி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரிக்கவும் இடமில்லாமல் போனது. பச்சைக் குழந்தைகள் செத்தன. அந்த நிலையில், தண்ணீரில் பழுதில்லை என்று தீர்மானம் போட மன்றம் கூடியது. தெரு மன்றத்தார் உள்ளே வந்துவிடக் கூடாதென்று, கைதட்ட ஆள் பிடித்து வந்து பொதுமக்கள் பகுதியை விடியும்போதே நிரப்பிவிட்டார்கள். பிடித்த ஆள்களும் இதே ஊர்க் குழாயில் குடிப்பவர்கள் என்பதை மட்டும் அவர்கள் மறந்தார்கள்.

நீங்கள் வழக்கம்போல் முதல் வரிசையிலிருந்து கேட்டு வந்தீர்கள். முதலில் எழுந்தவர் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி. கைதட்டச் சொல்லித்தான் அவரை அழைத்து வந்திருந்தார்கள். கேள்வி வரும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. கிழக்குத் தெரு என்றார். என்ன குறை என்றீர்கள். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார். “குறைன்னா... எம் பொண்ணு செத்துப் போச்சுங்க. இந்தத் தண்ணிதாங்க.” அடுத்திருந்தவர் எழுந்தார். “எங்க தெருவுலயும் இதே தண்ணிதாங்க.” அதன் பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, மன்றம் அன்று அதைத்தான் செய்துகொண்டது. அத்தனை பேர் முன்னால் கை தூக்க உறுப்பினர்கள் துணியவில்லை, தீர்மானம் தோற்றது. இன்று கிழக்குத் தெருவில் புதுக் குழாயில் தண்ணீர் வருகிறது.

அதை மகிழ்ந்து சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கூட்டம் கலைந்து மற்றவர்கள் போனதும், பழைய குழாயைப் போட்ட ஒப்பந்தக்காரரின் ஆள்கள் அந்தத் தொழிலாளியைப் படிக்கட்டில் வைத்தே அடித்தார்கள். கதவைப் பூட்ட வந்த நீங்கள் மட்டுமே அருகில் இருந்தீர்கள். குறுக்கே விழுந்து தடுத்தீர்கள். உங்கள் மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் அவர் இறந்தார்.

“நான் கேக்காம இருந்திருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார்” என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவருடைய மனைவி இப்போது தெரு மன்றத்தில் இருக்கிறார். இதோ உங்களுக்கு அடுத்த பெட்டியில் அமர்ந்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் சம்மதத்தோடு வாசிக்கிறோம்: “எங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்குத்தாங்க ஒருத்தங்க என்ன குறைன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. நீங்க அதைத் தப்புன்னு சொல்லாதீங்க.”

அடித்தவர்களை அடையாளம் காட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் வயது அவர்களுக்குத் தெரியும், காத்திருக்கிறார்கள். வேலையில் இருந்தவரை அலுவலகக் காவலர் துணைக்கு வந்தார், நாளை முதல் அவரும் வரமாட்டார். வயதான காலத்தில் வம்பு எதற்கு என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். “வயசானதுதான் நல்லதாப் போச்சு. இனிமே எனக்கு மாறுதல் போட முடியாதில்ல” என்று அனுப்பிவிட்டீர்கள். சிரித்தோம் அக்கா. ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெறுவோரை நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது மரபு. நாங்கள் வாழ்த்தவில்லை, கெஞ்சுகிறோம். நீங்கள் செத்துப்போகக் கூடாது. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். தனியாகக் கடைக்குப் போகாதீர்கள். தெரு மன்றத்தாரும் நாங்களும் முறைவைத்து உங்கள் வாசலில் இருப்போம், எங்களை விரட்டாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு நீங்கள் இறங்கும்வரை, இந்த உயிர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

இங்ஙனம்,
இன்று உங்களை வீடுவரை கொண்டுவந்து விடப்போகும்
அலுவலகப் பணியாளர்களும் தெரு மன்றத்தாரும்