அறுக்காத மணி

ருத்ராட்ச மாலை கோக்கும்போது மணிக்கும் மணிக்கும் நடுவில் இரண்டு முடிச்சுப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒன்றுதான் போடுகிறார்கள். என் மனைவி எழில் இரண்டு போடுவாள். மாலை அறுந்துவிட்டது என்று இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை.

இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றது பிறகு.

என் பெயர் இளவரசன். தேரடி வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறேன். 2003 வரை ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் பொருள் விற்கும் தளம் ஒன்றைக் காட்டினார். கடை வேண்டாம். படம் எடுத்துப் போட்டால் போதும். வேலையை விட்டேன்.

மணியை வடக்கிலிருந்து வரும் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். மாதம் ஒருமுறை மூட்டையோடு வருவார். எல்லாம் ஐந்து முகம். மற்றவர்களைவிட அவரிடம் விலை கம்மி. ஏன் என்று நான் கேட்கவில்லை. வியாபாரத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

அந்தத் தளத்தில், வாங்கியவர் விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதலாம். நல்லதாக இருந்தால் பச்சைப் புள்ளி, கெட்டதாக இருந்தால் சிவப்பு. நான்கு வருடத்தில் எனக்கு முந்நூற்றுப் பதினொரு பச்சை. பலவற்றை மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு பெண்மணி, மாலையைக் கையில் வாங்கியதும் அவருடைய அம்மா அழுதுவிட்டதாக எழுதியிருந்தார். அந்த வரியை எழிலிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

2007 ஆகஸ்டில் ஒரு சிவப்பு வந்தது.

“போலி. தண்ணீரில் போட்டேன், மிதக்கிறது. யாரும் ஏமாற வேண்டாம்.”

எழுதியவர் வேலூர் அப்பாதுரை. நில அளவை செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

இது அநியாயம். நல்ல மணி மூழ்கும், போலி மிதக்கும் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். கோயில் வாசலில் விற்பவர்கள் சொம்புத் தண்ணீரில் போட்டுக்கூடக் காட்டுகிறார்கள். காய்ந்த மணி நல்லதாக இருந்தாலும் மிதக்கும். ஈயம் வைத்த போலி மூழ்கும். சரியான சோதனை ஒன்றுதான். மணியைக் குறுக்காக அறுக்க வேண்டும். ஐந்து முகம் என்றால் உள்ளே ஐந்து அறை இருக்கும், அறைக்கு ஒரு விதை. ஆனால் அறுத்த மணியை விற்க முடியாது. அதனால் யாரும் அறுப்பதில்லை. நானும் அறுத்ததில்லை.

தளத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. அது வாங்கியவரின் சொந்தக் கருத்து, அதில் தலையிட முடியாது, என் பொறுமைக்கு நன்றி. மறுபடி எழுதினேன். வேறு ஒரு பெயரில் அதே பதில். மொத்தம் பதினான்கு கடிதம். பதினான்கு பேரும் என் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். கூப்பிட ஒரு எண் இல்லை. போய் நிற்க ஒரு வாசல் இல்லை. தாலுகா ஆபீஸில்கூட உட்கார ஒரு பெஞ்சு இருக்கும்.

செப்டம்பரில் நான்கு மாலை போனது. அக்டோபரில் ஒன்றும் போகவில்லை. பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. போலி என்ற புகார் இருப்பதால் நவம்பர் முடிவுக்குள் அது தீராவிட்டால் தளத்தில் என் பக்கத்தை மூடிவிடுவார்களாம். எனக்கு வேறு வேலை இல்லை. லாட்ஜில் என் இடத்துக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டார்.

நான் போகும் பிரவுசிங் சென்டரை நடத்துகிறவர் முருகையன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டிருந்தார்.

“வா இளவரசா. மிதக்கற மணி விக்கறியாமே.”

“காஞ்ச மணி மிதக்கும்ணே.”

“நீகூடதான் காஞ்சி போயிட்ட. ஏரில போட்டா மிதப்ப.”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழில் ஒருநாள் நூலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ண அறுத்துப் பாருங்களேன். அறை இருந்தா போட்டோ புடிச்சி அவருக்கு அனுப்பிடலாம். அவ்ளோதானே?”

“ஒரு மணி வீணாப் போகும்.”

“மூட்டையாக் கெடக்குது. யாரு வாங்கறாங்க?”

நான் மூட்டையின் வாயைக் கட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து கோப்பதையும் நிறுத்திவிட்டாள்.

தளத்தில் ஒரு விதி உண்டு. வாங்கியவரும் விற்றவரும் சம்மதித்து, இருவருமே பொத்தானை அழுத்தினால் கருத்து நீங்கிவிடும். எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். பார்சலுக்காக அப்பாதுரை கொடுத்த தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னேன்.

“பணம் வேணாம் தம்பி. ஏமாந்து ஏமாந்து எனக்குப் பழக்கம்தான். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது பாருங்க.”

“அது போலி இல்ல சார்.”

“அப்படின்னா காட்டுங்க. கிரிவலம் வரணும்னு ரொம்ப நாளா எனக்கும் ஆசை. மாலையும் எடுத்துனு வரேன். நேர்லயே பாத்துடலாம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் ஆறு, செவ்வாய்க்கிழமை வந்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. ஊரே துணிக்கடையில் இருந்தது. எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டார். “சட்னி பிரமாதம்மா, இதுக்கு நான் பச்சைதான் போடுவேன்” என்று எழிலிடம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்திருக்கலாம். வெறுங்காலில்தானே மலை சுற்ற வேண்டும், செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டார். இருவரும் நடந்தோம்.

நன்றாக நடந்தார். உத்தியோகத்தில் வந்த பழக்கம், அடியை எண்ணிக்கொண்டே வருவார். “இதோட ஏழு கிலோமீட்டர்” என்று ஓரிடத்தில் நின்று சொன்னார். அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு குளம் இருக்கிறது. மழையில் நிரம்பியிருந்தது. ஆள் இல்லை. கால் கழுவலாம் என்று நான்தான் கூப்பிட்டேன்.

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து மாலையை எடுத்துத் தண்ணீரில் விட்டார். மிதந்தது.

“பாருங்க தம்பி.”

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். காய்ந்த மணி, ஊறிய மணி, ஈயம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது.” பையில் கைவிட்டு ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். “ஒரு மணிய அறுத்துடுங்க. உள்ள அறை இருந்தா இன்னைக்கே, உங்க ஊர் கம்ப்யூட்டர்லயே ஒக்காந்து எழுதினத எடுத்துடறேன். மன்னிப்பும் எழுதறேன்.”

கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

நியாயமான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை.

முதல் நாள் உங்களிடம், அவர் வரவே இல்லை என்றேன். இரண்டாம் நாள், வழுக்கி விழுந்தார் என்றேன். பாசி இருந்தது உண்மை. அவருக்கு நீச்சல் தெரியாததும் உண்மை. மீதியை இன்று சொல்கிறேன்.

நான் கத்தியை வாங்கவில்லை. “சரி, நானே அறுக்கறேன்” என்று மாலையை எடுக்கக் குனிந்தார். என் கையை அவர் முதுகில் வைத்தேன். பெரிய பலம் தேவைப்படவில்லை.

ஒருமுறை மேலே வந்தார். படியின் விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டார். “தம்பி” என்றார். சத்தமாக இல்லை, ஏதோ கேட்க வந்தவர் போல. நான் படியில் உட்கார்ந்து அவருடைய விரல்களை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக, நான்கு. கட்டைவிரல் தானாக வந்தது.

மாலையை எட்டி எடுக்கப் பார்த்தேன். தள்ளிப் போய்விட்டது. எனக்கும் நீச்சல் தெரியாது.

மீதி ஏழு கிலோமீட்டரையும் நடந்தேன். பாதியில் திரும்பக் கூடாது என்பார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று எழிலிடம் சொன்னேன்.

அன்று சாயந்திரம் முருகையனின் சென்டரில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. எடுக்க வேண்டியவர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்தாவது கடிதம் எழுதினேன். வாங்கியவர் இறந்துவிட்டார், எனவே கருத்தை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். வாங்கியவரின் சம்மதம் தேவை என்று பதில் வந்தது. என் பொறுமைக்கு நன்றி.

மறுநாள் அடி அண்ணாமலையில் ஆடு மேய்க்கிற பாஞ்சாலை, தண்ணீரில் ஒரு மாலை மிதக்கிறதே என்று எடுக்க இறங்கியிருக்கிறார். அப்பாதுரையின் உடலைக் கண்டது அந்த அம்மாள்தான். மாலை மட்டும் மூழ்கியிருந்தால் இன்னும் சில நாள் ஆகியிருக்கும். அது அறுந்திருக்கவில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னார். இரண்டு முடிச்சு.

அவருடைய தொலைபேசியில் கடைசியாகப் பேசியவன் நான் என்பதால் என்னைத் தேடி வந்தீர்கள். வரவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏட்டு வாசலைப் பார்த்து, “இது யார் செருப்பும்மா?” என்று கேட்டார். எழில் உள்ளிருந்தபடியே, “அது வேலூர்க்காரரோடதுங்க, மறந்துட்டுப் போயிட்டாரு” என்றாள். இரண்டு நாளாக அது அங்கேயே கிடந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் போய் வந்தேன்.

எனக்கு அவர்மேல் பகை எதுவும் இல்லை. நல்ல மனிதர். ஒரு வரி தவறாக எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் அந்த மாலையிலிருந்து ஒரு மணியைக் கழற்றி இந்த மேசையில் வைத்தீர்கள். பக்கத்தில் ஒரு பிளேடு. “அறுத்துப் பாத்துடலாமா?” என்று கேட்டீர்கள். இரவு முழுவதும் இரண்டும் இங்கேயே இருந்தன. என் கையும் கட்டப்பட்டிருக்கவில்லை.

அப்பாதுரையை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்த மணியை மட்டும் அறுக்க வேண்டாம், ஐயா. நல்ல மணி. வீணாகிவிடும்.