கண்ணுக்குத் தெரியாத தீ

அட, நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்க, மிஸ்டர் ரண்டலா? உக்காருங்க மொதல்ல. டுலூத்லேர்ந்து இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க. உங்க பொண்ணு பிரிட்டா முழிச்சிட்டாளா? தீக்காயம் கையில மட்டும்தானே? மூஞ்சி தப்பிச்சிடுச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க.

வருஷா வருஷம் வகுப்புல நான் செஞ்சு காட்டறதுதாங்க. ஒவ்வொரு கிண்ணத்துலயும் ஒவ்வொரு ரசாயன உப்பு, மேல கொஞ்சம் மெத்தனால்ங்கற எரிசாராயம். பத்த வெச்சா ஒண்ணு மஞ்சளா எரியும், ஒண்ணு சிவப்பா. கெமிஸ்ட்ரின்னாலே கொட்டாவி விடற பசங்ககூட போனைக் கீழ வெச்சிடுவாங்க.

நிறம் எங்கேர்ந்து வருதுன்னா, அணுவுக்குள்ள எலக்ட்ரானுக்குன்னு சில மட்டம்தான் உண்டு. நடுவுல எங்கயும் நிக்க முடியாது. தீயிலேர்ந்து சரியா அந்த அளவு சக்தி கெடைச்சா மேல ஏறும். அங்க இருப்புக் கொள்ளாது, எறங்கிடும். எறங்கும்போது வாங்கினதை வெளிச்சமாத் திருப்பிக் குடுக்கும். எவ்வளவு எறங்குதோ அதுக்கேத்த நிறம். சோடியம்னா மஞ்சள். சிவப்புல இன்னும் கொஞ்சம் சிக்கல் இருக்கு, அதை... பாருங்க, ஆஸ்பத்திரியில உக்காந்து உங்களுக்குப் பாடம் எடுக்கறேன்.

ஆமா, அந்தச் சிவப்பை இன்னொருவாட்டி காட்டுங்கன்னு பிரிட்டாதான் கேட்டா. கேட்டதுல என்ன தப்பு? கிண்ணம் அணைஞ்சிருந்துச்சு. அணைஞ்ச மாதிரி இருந்துச்சு. வெறும் மெத்தனால் எரிஞ்சா, சன்னல் வெயில்ல ஒண்ணுமே தெரியாது. போன பரீட்சையில நானே கேட்ட கேள்விதான். உங்க பொண்ணு சரியா எழுதியிருந்தா.

மெத்தனாலைப் பாட்டிலோட அதுல சாய்ச்சேன். தீ பாட்டில் வாயிலேர்ந்து கோடு போட்ட மாதிரி நேரா அவ மேல பாய்ஞ்சுது.

தெரியும். அவ வெளையாட்டா என் முழங்கையை இடிச்சதாலதான்னு பிரின்சிபல் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. திங்கக்கிழமை விசாரணை, அவளை ஸ்கூலை விட்டே அனுப்பிடுவாங்களோன்னு... என்னது? பிரிட்டாவே சொல்றாளா? ஞாபகமில்லப்பா, இடிச்சிருப்பேன் போலன்னா?

இல்லங்க. அவகிட்ட அப்படி நெனைக்க வேணாம்னு சொல்லுங்க. நானே உள்ள வந்து சொல்லணும், நீங்க விட்டீங்கன்னா.

இடிச்சான்னு பிரின்சிபல்கிட்ட சொன்னது நான்தான். அவ மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தா, மிஸ்டர் ரண்டலா. அங்கேர்ந்து என் முழங்கைக்குக் கை எட்டாது.