பெரட்டில் கூப்பிடாத பெயர்

மணி நாலு ஐம்பது. விடியவில்லை. கரங்கான் ஊருக்குப் பின்னால் ஒரு தோட்டத்துச் சாலை, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் நாலு பேர் "எங்க சித்தப்பா அங்கதான் இருந்தாரு" என்று ஆரம்பித்துக் கதையைக் கெடுப்பீர்கள். அந்த முறுக்குத் தட்டை இப்படித் தள்ளுங்கள். முடியும்வரை யாரும் கடிக்கக் கூடாது. கடக் என்று ஒரு சத்தம் வந்தால் எனக்கு உயிர் போய்விடும். அப்புறம் மீதிக் கதைக்கு எங்கே போவீர்கள்?

சாலையில் ஒருத்தி நடக்கிறாள். தனியாக. தலையில் துணிக்கட்டு, புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, கையில் ரப்பர் பட்டையைச் சீவும் பால்கத்தி. காலில் செருப்பில்லை. ஈர மண்ணின் குளிர் உச்சி மண்டைவரை ஏறுகிறது. தூரத்தில் ஒரு வெளிச்சம்... டக். அணைகிறது. டக். எரிகிறது. யாரோ டார்ச் லைட்டைச் சொடுக்கிப் பார்க்கிறார்கள்.

மூக்கில் ஒட்டுப்பால் நாற்றம், வெட்டிய பட்டையில் காய்ந்து ஒட்டும் ரப்பர் பாலின் நாற்றம். செம்பனைக்குள் ஏது ஒட்டுப்பால்? அங்கே கடைசி ரப்பர் மரம் விழுந்து பதினாலு வருஷம் ஆகிறது.

அவள் பெயர் குணசுந்தரி. என் கூட்டாளி சுகுமாரனின் அக்காள் மகள் சாந்தினி இருக்கிறாளே, அவளோடு கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலை. குணசுந்தரிக்கு வயது ஐம்பத்தொன்பது. அவள் கோபத்துக்கு மட்டும் வயது பதினெட்டு. அவள் ஒரு முறை முறைத்ததில் தொழிற்சாலை லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்று சாந்தினி சத்தியம் செய்கிறாள். குணசுந்தரிக்கு லூனாசில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகை அறை. நான் சொல்கிற நேரத்தில் அவள் உடம்பு அந்த அறையில்தான், காற்றாடிக்குக் கீழே, குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது. சாலையில் நடந்தது கனவில்.

ஆனால் தினமும். ஒரே கனவு.

சாலை முடிகிற இடத்தில் தோட்டத்து ஆபீஸ். எதிரே தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் பெரட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டோர் என்கிற கங்காணி பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு நீ ஆள். கூப்பிடாவிட்டால் நீயும் அந்த மரமும் ஒன்று.

கனவில் பெயர் கூப்பிடுகிறவர் மண்டோர் நடராஜா. செத்து ஒன்பது வருஷம். கட்டை விரலை நாக்கில் தொட்டு, பெயர்ப் புத்தகத்தில் சர்ரக்... ஒரு பக்கம். சர்ரக்... இன்னொரு பக்கம். கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக இருட்டுக்குள் போவார்கள். கடைசியில் இரண்டே பேர். அவரும் அவளும். அவர் அவளை நேராகப் பார்ப்பார். கூப்பிடாமலே புத்தகத்தை மூடுவார். அவள் விழித்துக்கொள்வாள். விழித்தால் நகக்கண்ணில் காய்ந்த பால். உரித்தால் ரப்பர் மாதிரி இழுபடும்.

குணசுந்தரிக்குப் பயமா? பயம் யாருக்கு வேண்டும்! அவளுக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் இது கனவுக்கு முன்னால் நிஜமாக நடந்தது. தொண்ணூற்றெட்டில் ஒருநாள், "எங்க வீட்டுக் காய்கறிப் பாத்தில புல்லு மண்டிக் கெடக்கு, போய்ப் புடுங்கு" என்றார் நடராஜா.

"நான் பால் மரம் வெட்ட வந்தேன், ஒங்க பொண்டாட்டிக்குப் புல்லு புடுங்க வரல" என்றாள் குணசுந்தரி. முப்பது பேர் முன்னால்.

மறுநாள் பெரட்டில் அவள் பெயரை அவர் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்குப் போய்த் தன் நிரையில் பட்டை சீவி மரம் வெட்டினாள், பால் எடுத்தாள், சுமந்து வந்து ஊற்றினாள். பெயர் இல்லாத பால். இப்படிப் பதினாலு காலை. புத்தகத்தில் பதினாலு நாள் அவள் வரவில்லை.

தோட்டம் கைமாறியபோதுதான் அந்தப் பதினாலு நாள் பல்லைக் காட்டியது. இருபது வருஷம் விடாமல் வேலை பார்த்தவர்களுக்கு வீடு என்றார்கள். குணசுந்தரிக்கு நடுவில் விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நடராஜாவுக்கு மூலை வீடு. அந்த வீட்டிலேயே, மெத்தையில், தூக்கத்தில், சுகமாகச் செத்தார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு தடவை அந்த ஆள் வாயால் தன் பெயரைக் கூப்பிட வைக்க வேண்டும். வீடு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பெயர்.

சாந்தினி கைபேசியில் எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கும் பெண். ஒருநாள் கழிப்பறைத் தரையைத் துடைத்தபடியே சொன்னாள்: "தெனம் ஒரே கனவுதானே வருது ஆன்ட்டி? அப்ப ஈசிலா. உள்ள இருக்கறப்பவே இது கனவுன்னு தெரிஞ்சிக்கணும். தெரிஞ்சிட்டா அப்புறம் நீங்கதான் பாஸ். நீங்க சொன்னது நடக்கும்."

"எப்படிடி தெரிஞ்சிக்கிறது?"

"வெரல எண்ணுங்க. பகல்ல சும்மா சும்மா எண்ணுங்க. பழகிட்டா கனவுலயும் கை தானா எண்ணும். கனவுல கணக்கு தப்பா வரும்."

"எனக்கு முழிச்சிருந்தாலே கணக்கு தப்புதான்" என்று இடது கையைக் காட்டினாள் குணசுந்தரி. சுண்டு விரல் பாதிதான். முன்பு பால்கத்தி வழுக்கியதில் போனது. "ஒம்பதரை."

"அப்ப இன்னும் ஈசி ஆன்ட்டி!"

அன்றிலிருந்து எண்ணினாள். சாதாரண எண்ணமா? ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை. கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினால் முதலில் எண்ணுவாள், பிறகுதான் வாங்குவாள். பின்னால் நின்ற வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. தொழிற்சாலை வேன் ஓட்டும் சுல்கிப்லி கண்ணாடியில் பார்த்துவிட்டு, மலாயில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, "என்ன கக்கா, வெரல் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டான்.

"பாதி தொலைஞ்சிருச்சு தம்பி. எடுத்தவனத்தான் தேடுறேன்."

ஒன்பதாவது இரவு. தூங்குமூஞ்சி மரம். சர்ரக். பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கை தானாக மற்றக் கையைத் தொட்டது. ஒன்று... நாலு... ஐந்து. சுண்டு விரல் முழுசாக இருந்தது. நுனியில் நகம்கூட.

கனவு!

குணசுந்தரி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. "யோவ் மண்டோரே" என்றாள். "இன்னைக்கு ஆரம்பிச்சு பதினாலு ராத்திரி. எண்ணிக்க."

முதல் இரவு அவர் டார்ச் லைட்டை முருங்கைக்காய் ஆக்கினாள். மனுஷன் அதையே டக், டக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் இரவு அவருக்குப் பெண்டாட்டியின் பூப்போட்ட கைலியைக் கட்டிவிட்டுப் பாத்தியில் இறக்கினாள். பிடுங்கப் பிடுங்கப் புல் முளைத்தது, மூன்றாம் பிடுங்கலுக்கு அவரை விட உயரம். மூன்றாம் இரவு கால்சட்டைக்குள் ஒரு லோரி முசுறு எறும்பு. ஆறாம் இரவு அவரையே மரமாக நிறுத்தி, கோடு போட்டு வெட்டினாள். வடிந்தது பால் இல்லை, கோப்பி ஓ என்கிற கடுங்காப்பி. இதில் நான் ஒரு சொட்டுக்கூடக் கூட்டவில்லை.

ஒவ்வொரு காலையும் சாந்தினியிடம் வந்து விழுந்து விழுந்து சிரித்துச் சொல்வாள். ஆனால் கடைசியில் முகம் கறுத்துவிடும். "எல்லாம் எம்பேச்சக் கேக்குதுடி. அவன் வாய் மட்டும் கேக்கல. 'குணசுந்தரின்னு சொல்லு'ன்னு கழுத்தப் புடிச்சு உலுக்குறேன்... சிரிக்கிறான்."

"ஆன்ட்டி, கனவுல உள்ள ஆளுங்கள ரொம்ப நோண்டாதீங்கன்னு வீடியோல சொல்றான்."

"வீடியோக்காரனுக்கு எங்க மண்டோரத் தெரியாது."

ஒன்றை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எறும்பு கடித்தாலும், கத்தி கீறினாலும், அந்த ஆள் கோபப்படவே இல்லை. ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்.

பதினாலாம் இரவு நடந்ததை யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கிட்ட வாருங்கள்.

அன்றைக்கு எறும்பும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை. அவள் நேராக நடந்தாள். ஒட்டுப்பால் நாற்றம் தொண்டையை அடைத்தது. நடராஜா முன் நின்றாள். "நீ கூப்பிட மாட்டியா? நான் கூப்பிட்டுக்கிறேன்" என்று புத்தகத்தைப் பிடித்து இழுத்தாள். இழுக்கத் தேவையே இருக்கவில்லை. அவர் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

புத்தகம் ஈரமாக இருந்தது. அவள் வரியில் பதினாலு வெற்றுக் கட்டம். இருபத்தேழு வருஷத்து ஆத்திரத்தையும் நெஞ்சில் கூட்டி, தோட்டம் அதிரக் கத்தினாள்.

"குணசுந்தரி!"

இலைகூட அசையவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்... "இருக்கேன்."

அவள் குரல்.

திரும்பினாள். வரிசையில் ஒருத்தி நின்றாள். அதே துணிக்கட்டு. அதே முழுக்கைச் சட்டை. கத்தி பிடிக்காத இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, முழுசாக இருந்த சுண்டு விரலை ஆசையாகப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டவர்கள் எல்லாரும் போகிற மாதிரி, சாலையில் இறங்கி, லூனாஸ் அறை இருந்த பக்கமாக நடந்தாள்.

"ஏய்! நில்லுடி!"

குணசுந்தரி கால் எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. எழும்பு என்று தனக்கே கத்தினாள். கண் திறக்கவில்லை. சட்டென்று கையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

பாதி.

சுண்டு விரல் பாதிதான் இருந்தது. அப்படியென்றால் இது கனவு இல்லை.

நடராஜா டார்ச் லைட்டை அவள் கையில் திணித்தார். சூடாக இருந்தது. "கூப்பிட்ட ஆளுங்கல்லாம் போயிருவாங்கம்மா" என்றார், ரொம்ப அன்பாக. "கூப்பிடாத ஆளுதான் நிக்கும். நின்னு நின்னு கோவம் வந்து, ஒருநாள் புத்தகத்தப் புடுங்கும். அப்பத்தான் எனக்கு விடுதலை. ஒம்பது வருசமாப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒனக்குத்தான் அந்தக் கோவம் இருந்துச்சு."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலடித்தபடி போனார். அவள் அவர் பரம்பரையில் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினாள். நான் அதைச் சொன்னால் இந்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிரும். அவர் திரும்பியே பார்க்கவில்லை. வரிசையில் புதிதாக ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் கட்டை விரல், அவளைக் கேட்காமலே, நாக்குக்குப் போனது.

சர்ரக்.

மறுநாள் குணசுந்தரி வேலைக்கு வந்தாள். வேன் ஏறியதும் சுல்கிப்லிக்கு வணக்கம் வைத்தாள். அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். அவள் யாரையும் திட்டவில்லை. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. விரல் எண்ணவில்லை. காலை முழுக்கக் கையுறையைக் கழற்றவில்லை.

"என்ன ஆன்ட்டி, மண்டோரு பேரக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள் சாந்தினி.

"எந்த மண்டோரு?"

மத்தியானம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கையுறையைக் கழற்றினாள். பழைய ஒட்டுப்பால் நாற்றம் குப்பென்று அடித்தது. இடது கை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. சுண்டு விரல் முழுசாக இருந்தது. சாந்தினி பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்த விரலாலேயே சம்பாலைத் தொட்டு நக்கிச் சிரித்தாள்.

சாந்தினி அந்த வாரமே வேலையை விட்டுவிட்டுப் பீடோங்கில் மாமன் சுகுமாரன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதெல்லாம் நடந்து மூன்று மாதம். போன வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது சுகுமாரனுடைய சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இரண்டு வாரமாக ஒரே கனவு வருகிறதாம். ஒரு மரம். இருட்டு. டக், டக்.

"டார்ச் லைட்டு யார் கையில இருக்கு?" என்று கேட்டான் சுகுமாரன்.

"ஒரு பொம்பள மாமா. மொகம் தெரியல. சுண்டு வெரல் பாதிதான் இருக்கு."

அவனுக்கு வியர்த்துவிட்டது. "பயப்படாதம்மா. நாளைக்கே கோயில்ல ஒரு கயிறு வாங்கிக் கட்டிடலாம்."

"பயமா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே... "நான்தான மாமா அவங்களுக்கு வெரல் எண்ணச் சொல்லிக் குடுத்தேன்? நான் முன் வரிசையில, அவங்க மூக்குக்கு நேரா நிக்கிறேன். எல்லாரையும் கூப்பிடுறாங்க. என்னய மட்டும் கூப்பிடல. என்னய பாத்துக்கிட்டே புத்தகத்த மூடுறாங்க." பல்லைக் கடித்தாள். "ஆத்திரம் ஆத்திரமா வருது."

நான் மேசைக்குக் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தேன்.

அவள் வலது கை, மடியில் கிடந்த இடது கையின் விரல்களை, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது.