கல்கத்தாவுக்குக் கேட்டது, கோத்தகிரிக்குக் கேட்கவில்லை

தேயிலை விலை தரைதொட்ட காலத்திலும் தளராமல் இந்த மன்றத்தைத் தாங்கி நிற்கும் தலைவர் ராஜரத்தினம் அவர்களே! கம்பியில்லாமல் காற்றோடு பேசக் கற்ற வானொலி அன்பர்களே! குன்னூரிலிருந்தும் சோலூரிலிருந்தும் குளிரைத் தாங்கி வந்திருக்கும் பெரியோர்களே! கொழுந்துக் கறை காயாத கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நல்லசிவம் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன், தலைவர் மன்னிக்க வேண்டும். இன்று அதைச் சுமக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

என்னை எதற்காக மேடையேற்றினார்கள்? நம் கோத்தகிரி அமெச்சூர் வானொலி மன்றத்துக்கு இரண்டாவது கோபுரம் வேண்டும் என்று முன்மொழிவதற்காக! இருப்பதைவிட இருபது அடி உயரம். உச்சியிலே சுழலும் ஆன்டெனா. அதற்கேற்ற புது வானொலிப் பெட்டி. நன்கொடை வந்துவிட்டது. நான் முன்மொழிவேன், நீங்கள் கை தூக்குவீர்கள், பிறகு காபி. இதுதான் நிகழ்ச்சி நிரல். கை தூக்குவதற்கு முன்னால், முதல் கோபுரம் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில்தான் கூடினோம். எந்த ஆன்டெனா, எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய வேண்டும். கீழ் கோத்தகிரித் தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் வாசுகி எழுந்தார். அந்தத் தோட்டத்தில் தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டியை விற்றுவிட்டார்கள். விலை விழுந்ததும் முதலாளி மலையை விட்டே இறங்கிவிட்டார். வாசுகி மட்டும் இறங்கவில்லை. பரீட்சை எழுதி வானொலி உரிமம் வாங்கி வைத்திருந்தார்.

அவர் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணா, எங்களுக்கு ஜப்பானெல்லாம் வேண்டாமுங்க. லயத்து வீடுகள்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா கோத்தகிரிக்குக் கேட்டாப் போதுமுங்க. ரெண்டு மரத்துக்கு நடுவால தாழ ஒரு கம்பி கட்டிக் குடுங்கண்ணா" என்றார்.

சிரித்தோம்! "நர்ஸம்மா துணி காயப்போடக் கொடி கேக்கறாங்க" என்று ஒருவர் சொன்னார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்தவர்களில் மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! முப்பது ஆண்டுகள் பாதுகாப்புத் துறையில் இந்தக் கருவிகளோடு உழன்றவன் நான். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் எங்கோ எட்டிப்போய் விழும், காலடியில் இருக்கும் செடி காய்ந்து கிடக்கும். நம் கோபுரத்து ஆன்டெனா அப்படித்தான் வீசும். அதன் அலை வானத்தில் பட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இறங்கும், பக்கத்துப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். தாழக் கட்டிய கம்பியோ, அதற்கேற்ற அலைவரிசையில், நேர் மேலே அனுப்பி நம்மைச் சுற்றியே பொழியும். இது தெரிந்தவன் வாய் திறந்தானா? திறக்கவில்லை!

ஏன் திறக்கவில்லை? கொழுந்தின் விலை இறங்கியது. ஃபேக்டரிப் புகை அடங்கியது. பந்தலூரிலும் சோலூரிலும் சனம் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கு இறங்கியது. எல்லாமே இறங்கிய மலையில், ஏறுகிற ஒன்றை ஒரு முறையாவது பார்க்க ஆசைப்பட்டோம். பஸ் நிலையத்திலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிய வேண்டும் என்றோம். தெரிகிறது, ஐயா. நன்றாகவே தெரிகிறது!

வாசுகிக்கும் நம் கோபுரத்தின் அலைவரிசையிலேயே பேசும் ஒரு சின்னப் பெட்டியை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம். பெரிய மனது நமக்கு!

போன ஆவணியில் ஒரு காலை. பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடி அங்கே மரமாக வளர்ந்து கிடக்கிறது. உள்ளே காட்டெருமை நின்றாலும் தெரியாது. விறகுக்குப் போன பொன்ராஜ் என்ற தொழிலாளியை அது குத்திச் சாய்த்துவிட்டது. வாசுகி அவர் தொடையில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, வானொலியில் நம்மைக் கூப்பிட்டார். ஐம்பது நிமிடம் கூப்பிட்டார்!

அன்றைக்கு நம் வானொலி நிலையத்தில் யார் இருந்தது? நான்! நமக்கென்று குறித்த அலைவரிசையை முதலில் திருப்பிப் பார்த்தேன், வெறும் இரைச்சல். சரி, யாரும் கூப்பிடவில்லை என்று தள்ளிப்போய், ஒரு ஜப்பானியரோடு பேச உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஊரில் தேயிலை எப்படி என்று அவர் கேட்டார். செழிப்பாக இருக்கிறது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்!

அப்போது மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. கல்கத்தாவிலிருந்து முகம் தெரியாத ஒரு வானொலிக்காரர். மன்றத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்திருக்கிறார். "உங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு மனிதர் ரத்தம் கொட்டிக் கிடக்கிறார். ஒரு பெண் அழுதுகொண்டே உங்களைக் கூப்பிடுகிறார். எனக்குக் கேட்கிறதே, உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றார்.

கல்கத்தாவுக்குக் கேட்டது! ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவனுக்குக் கேட்டது! கால்நடையாகவே போய்ச் சேரும் தூரத்தில், காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை!

ஜீப் பிடித்துப் போனோம். திரும்பும் வழியிலேயே பொன்ராஜ் போய்விட்டார். அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார்.

என்ன தம்பி, பின்னாலிருந்து? விதி என்கிறீர்களா? விதியா கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தது? கை தூக்கித் தேர்ந்தெடுத்தது நாம். உட்காருங்கள்.

ஆகவே, தலைவர் அவர்களே, கோபுரத்தை முன்மொழிய மாட்டேன். இந்த நன்கொடையில் தோட்டத்துக்கு ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, தாழக் கட்டிய ஒரு கம்பி. நம் நிலையத்திலும் அப்படியே ஒன்று, அதன் முன்னால் முறைவைத்து ஓர் ஆள். இதுவே என் தீர்மானம். துணிக்கொடி என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. சத்தம் போடாதீர்கள், அவர் பொன்ராஜின் மனைவி சுசீலா.

பின்னால் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "ஏனுங்கய்யா, அந்தக் கம்பி எத்தனை அடி ஒசரத்துல கட்டோணும்? எங்க லயத்துக் கூரையிலிருந்து எதுத்த லயத்துக் கூரைக்குக் கட்டினாப் போதுமுங்களா?" என்று கேட்கிறார்.

போதும், அம்மா. அன்றைக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

கோபுரத்துக்குக் கை தூக்க விரும்புகிறவர்கள் இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்குங்கள். கசப்பைக் காது கொடுத்துக் கேட்ட அவைக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.